கயாவில் விட்ட கத்தரிக்காய்

காசிக்குப் போகிறவர்கள் கயாவில் ஒரு காயை விட்டுவிட்டு வர வேண்டும் என்பது வழக்கம். தனக்குப் பிடித்த காயைப் பகவான் பாதத்தில் விட்டுவிட்டால் அப்புறம் சாகும்வரை அதைத் தொடக் கூடாது. ஜனங்கள் கெட்டிக்காரர்கள். பாதிப் பேர் பாகற்காயை விட்டுவிட்டு நிம்மதியாக ரயிலேறிவிடுவார்கள்.

ஆறுமுகநயினார் பிள்ளை அப்படிச் செய்யவில்லை. எண்ணெய்க் கத்தரிக்காய் இல்லாமல் அவருக்கு ஒரு வாரம் நகராது. அந்தக் கத்தரிக்காயையே விட்டார். கூடப் போன யாத்திரைக்காரர்கள் அசந்து போனார்கள். அந்தப் பெருமை ஊர் வந்து சேர்ந்த பிறகும் அவர் தலையில் உட்கார்ந்திருந்தது.

முழங்கால் வலியால் அவர் மனைவி ஆவுடையம்மாள் காசிக்குப் போகவில்லை. பிள்ளை வந்த மறுநாள் காலையில் அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து பார்த்தால், வீட்டுக்குப் பின்னால் அவள் போட்டிருந்த காய்கறித் தோட்டத்தில் கத்தரிச் செடி அத்தனையும் பூவும் பிஞ்சுமாகப் பிடுங்கிக் குவித்துக் கிடந்தது.

துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒரே ஒரு செடி மிச்சம். விதைக்கென்று அவள் விட்டிருந்த காய் அதில்தான் தொங்கியது. அது இன்னும் பழுக்கவில்லை.

பிள்ளை அதையும் பிடுங்கப் போனார். ஆவுடையம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"இதுல கை வச்சிய, நான் கல்லிடைக்குறிச்சிக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. உள்ளே போய்ச் சேலைகளைப் பையில் எடுத்து வைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. பிள்ளை கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். ஆனால் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர் அவர். விடுவிடுவென்று குளத்தங்கரைச் சத்திரத்துக்கு நடந்தார்.

சத்திரத்தில் அவருடைய குரு வைத்திச் சாமி இருந்தார். பிள்ளையைவிடச் சாமி இருபது வயது சின்னவர். அதைப் பற்றி ஆவுடையம்மாளுக்கு ஒரு முணுமுணுப்பு எப்போதும் உண்டு.

"சாமி, ஆடிப் பட்டம் ஓடிக்கிட்டிருக்கு. பாத்தி காலியாக் கிடக்கு. என்ன போடலாம்னு நீங்கதான் சொல்லணும்."

"என்ன விதை வச்சிருக்கிய?"

"வெண்டை இருக்கு, புடலை இருக்கு. பாகல் நிறைய இருக்கு."

"பாகல் வீட்டுல யாரு சாப்பிடுவா?"

"யாரும் தொட மாட்டோம் சாமி."

"பிறகு எதுக்கு?"

"பிடிக்காத காயா இருந்தா மனசு அலையாது பாருங்க."

சாமிக்குச் சிரிப்பு வந்தது. "அம்மா என்ன போடணும்னு சொல்லுதாங்க?"

பிள்ளை தரையைப் பார்த்தார். கயாவில் தொடங்கிப் பை எடுத்து வைத்தது வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார்.

சாமி துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

அவர்கள் போனபோது ஆவுடையம்மாள் அந்தச் செடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். பை துவைக்கிற கல் மேல் இருந்தது. சாமியைக் கண்டதும் அவள் கும்பிடவில்லை.

"நியாயம் சொல்ல வந்தியளோ?"

"இல்லம்மா. தோட்டத்தைப் பார்க்க வந்தேன்."

"நல்லாப் பாருங்க. இந்த வெள்ளைக் கத்தரி இந்த ஊர்ல வேற யார்கிட்டயும் கிடையாது. வருஷா வருஷம் ஒரு காயைப் பழுக்கவிட்டு, விதையைச் சாம்பல்ல பிசைஞ்சு காயவச்சு எடுத்து வச்சுக்கிட்டு வாரேன். இந்தக் காயும் போச்சுன்னா அதோட முடிஞ்சது."

"ஏளா, விட்டது விட்டதுதான்" என்றார் பிள்ளை.

"நீங்க விட்டிய. என்னைக் கேட்டா விட்டிய? நீங்க சாப்பிட வேண்டாம். உங்களுக்குப் பூசணிக்காய் வைக்கேன், புடலங்காய் வைக்கேன். எனக்கு எதுக்கு விரதம்?"

பிள்ளை சாமி பக்கம் திரும்பினார்.

"சாமி, உங்ககிட்ட மறைக்கக் கூடாது. நேத்து அவ கத்தரிக்காய் வதக்கினா. நான் அடுப்படி வாசல்ல போய் நின்னுட்டேன். எப்படிப் போனேன்னே தெரியல. கை சட்டிக்குப் போயிருச்சு. பயந்து ஓடி வந்துட்டேன். இந்தக் காய் பழுத்தா விதை வரும். விதை வந்தா பாத்தி பூரா கத்தரி நிக்கும். நான் தோத்துப் போவேன் சாமி. கயாவுல அப்பா, தாத்தா பேரைச் சொல்லி விட்டது."

அவர் கண் கலங்கிவிட்டது. ஆவுடையம்மாள் அதைப் பார்த்தாள். அவள் முகம் கொஞ்சம் இளகியது, ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

சாமி குவியலில் கிடந்த செடிகளைப் பார்த்தார். இலைகள் துவண்டிருந்தன.

"சரி, பிடுங்குங்க" என்றார்.

ஆவுடையம்மாள் பதறினாள். "சாமி!"

"விலகிக்கோங்கம்மா."

அவள் சாமியை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு விலகி, கல் மேலிருந்த பையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளை குனிந்தார். கத்தரிமுள் கையில் குத்தியது. முள்ளைப் பொருட்படுத்தாமல் தண்டின் அடியைச் சேர்த்துப் பிடித்தார். மண் லேசாக விரிசல் விட்டது.

"பிள்ளைவாள்."

"சாமி?"

"கயாவுல என்ன சொல்லி விட்டிய?"

"இனி இது எனக்கு வேண்டாம், உன் பாதத்துலயே விட்டுட்டேன்னு பகவான்கிட்ட சொன்னேன்."

"முழு மனசோட சொன்னியளா?"

"சத்தியமா, முழு மனசோட சொன்னேன்."

"பகவான் வாங்கிக்கிட்டாரா?"

"வாங்காம இருப்பாரா?"

"கொடுத்த பிறகு, கத்தரி மேல உங்களுக்கு ஏதாவது பாத்தியதை மிச்சம் இருக்கா?"

"ஒரு தூசி கூட இல்ல சாமி."

"காய்க்கு?"

"இல்ல."

"செடிக்கு?"

"இல்ல சாமி. அதான் சொல்லுதேனே, எல்லாத்தையும் விட்டுட்டேன்."

சாமி பிடுங்கிக் கிடந்த குவியலை ஒரு தரம் பார்த்தார். பிறகு பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார்.

"அப்போ காலையில இருந்து யாரோட செடியைப் பிடுங்கிக்கிட்டிருக்கிய?"

பிள்ளை தண்டை விட்டார். குனிந்தபடியே இருந்தார். நிமிர்ந்து ஆவுடையம்மாளைப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை.