சேனை வைத்த கை

முன்னொரு காலத்தில் மஞ்சளாற்று நாட்டை விசயகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் கடைசியாகக் காதில் விழுந்த பேச்சுதான் அவனுக்கு வேதம். காலையில் சால்வை போர்த்தியவனையே மாலையில் கழுவேற்றச் சொல்வான்.

அந்த ஊரில் தேனர் என்று ஒரு கூட்டம். ஆண்கள் மலைத்தேன் எடுப்பார்கள், பெண்கள் ஊருக்கெல்லாம் பிரசவம் பார்ப்பார்கள். அவர்களுக்கு எப்போதும் துணை நின்றவர் மந்திரி நல்லாதன். அவர்மேல் பொறாமையில் வெந்துகொண்டிருந்தான் அரசவைப் பிரபு குலசிகாமணி. மந்திரியைக் கவிழ்க்கத் தேனர்மேல் கைவைத்தான்.

முதலில் விளையாட்டாக, "பாம்புகள்" என்று பட்டப்பெயர் வைத்தான். சபை சிரித்தது. அடுத்து, "பாம்புகள் கிணற்றில் விஷம் கலக்குகிறார்கள்" என்று தண்டோரா போட்டான். சிரித்தவர்கள் பயந்தார்கள். பிறகு தேனர் வீட்டுக் கதவுகளில் கரியால் பாம்பு வரைந்தார்கள். ஒரு வீடு எரிந்தது. பாவிகள், ஒருவராவது ஒரு குடம் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. கடைசியில் அதே பேச்சைச் சபையில் ராஜாவின் காதிலும் போட்டான் பிரபு.

"விடிந்ததும் தேனரை ஒருவர் மிச்சமில்லாமல் வெட்டுங்கள்!" என்றான் ராஜா.

நல்லாதன் எழுந்தார். "உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். பிரபுவே, அந்த விஷம் எப்படிப்பட்டது?"

"அவர்கள் கை பட்டாலே ஒட்டும்! சாகும்வரை போகாது!"

"அப்படியானால் கை பட்டவர்களையும் சேர்த்தல்லவா வெட்டவேண்டும்?"

"ஒருவரையும் விடக்கூடாது!" என்று குதித்தான் குலசிகாமணி.

"அப்படியே ஆகட்டும்" என்றான் ராஜா.

மந்திரி தேனர் மருத்துவச்சி பூங்காவியைச் சபைக்கு வரவழைத்தார். எரிந்தது அவள் வீடுதான். பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் துளி தேன் தொட்டுவைப்பதைச் சேனை என்பார்கள். அந்த ஊரில் பிரசவம் பார்த்தவளே சேனையும் வைக்கவேண்டும் என்பது வழக்கம்.

"இங்கே யார் யாருக்கு நீ சேனை வைத்தாய், பூங்காவி?"

நடுங்கிக்கொண்டு வந்தவள், முகங்களைப் பார்த்ததும் பயத்தை மறந்துவிட்டாள்.

"ராசா, நீங்க பொறந்தப்ப அழவே இல்ல. தலைகீழாத் தூக்கி முதுகுல தட்டினேன். சேனை வச்சதும் என் விரலை விடாமச் சப்புனீங்க." பிரபுவின் பக்கம் திரும்பினாள். "இந்த ஐயா கால் முன்னால வந்து பொறந்தாரு. பிழைக்கமாட்டாருன்னு எல்லாரும் கைவிட்டாங்க. நான்தான் சூடு ஆறாம மடியிலயே வச்சிருந்தேன்."

"எனக்கு இவள் அம்மா வைத்த சேனை" என்று நல்லாதன் போய் அவள் பக்கத்தில் நின்றார். சேனாதிபதி வந்து நின்றார். வாளைக் கீழே வைத்துவிட்டுக் காவலர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"எல்லாரும் இங்கே வந்துவிட்டோம் மகாராஜா. வெட்டுவது யார்?" என்று கேட்டார் மந்திரி.

ராஜா சிம்மாசனத்திலிருந்து இறங்கினான். குலசிகாமணி தடாலென்று காலில் விழுந்தான். "விளையாட்டாகத்தான் சொன்னேன் மகாராஜா!"

"நீ விளையாட்டாகச் சொன்னாய். நான் ராஜாவாக இருந்து நம்பித் தொலைத்தேனே! தலைப்பாகையைக் கழற்று. வீடு வீடாகப் போய் அந்தக் கரியை உன் கையால் அழி. தெருத் தெருவாக நீயே தண்டோரா போட்டு, சொன்னதெல்லாம் பொய் என்று சொல்."

மந்திரிக்குத் தன் முத்துமாலையைப் போட்டுவிட்டு, "உனக்கு என்ன வேண்டும் தாயே?" என்று பூங்காவியைக் கேட்டான்.

"எங்க தெருவுக்கு ஒருதரம் வாங்க ராசா. விஷம் இல்லன்னு நாங்க சொன்னா எங்க பிள்ளைங்களே நம்பமாட்டேங்குதுங்க."

ராஜா நடந்தே போனான். முதல் வீட்டு வாசலில் ஒரு சின்னப் பெண், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றாள்.

"வா கண்ணு" என்று குந்தி உட்கார்ந்தான் ராஜா.

"கிட்ட வராதீங்க. என் கை பட்டா செத்துப்போவீங்க."

ராஜா இன்னும் கிட்டே நகர்ந்தான். அந்தக் கைகள் இரண்டையும் எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அவன் சாகவில்லை என்று அவளுக்கு நம்பிக்கை வரும்வரை விடவே இல்லை.