ராஜாவுக்கு ஒரு கிண்ணம் சூடான சூப்

முன்னொரு காலத்தில் ஸ்பானிய தேசத்தை ஒரு ராஜா ஆண்டுவந்தார். படை இருந்தது, கப்பல் இருந்தது, சூடான சூப் மட்டும் அவருக்குக் கிடைக்கவில்லை.

காரணம், கட்சிகள். அங்கே இரண்டு கட்சி. ஒன்று விழுந்து மற்றது ஏறினால் மந்திரிகள் மட்டுமா மாறுவார்கள்? வாயிற்காவலன் முதல் அடுப்பு ஊதுகிறவன் வரை அத்தனை பேரும் மூட்டை கட்ட வேண்டும். போகிற சமையல்காரன் அடுப்பில் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போவான். வருகிறவன் பாத்திரங்களைக் கண்டுபிடிப்பதற்குள் அவன் கட்சியும் கவிழ்ந்திருக்கும்.

இந்தக் கூத்தில் மாறாதிருந்தவர்கள் ராஜாவும் அவரைச் சிரிக்கவைக்கிற விகடகவி மெலிட்டோனும்தான். மெலிட்டோன் சந்தையில் துணி விற்றவர்கள் வீட்டுப் பிள்ளை. அவனுடைய உத்தியோகத்தின் மேல் இரண்டு தலைவர்களுக்கும் கண். பிரதம மந்திரி டான் எலாடியோவுக்கு வேலையில்லாத மைத்துனன் இருந்தான்; எதிர்க்கட்சித் தலைவர் டான் ஃபெர்மினுக்கு மருமகன்.

ஒருநாள் ராஜா ஆறிப்போய் ஆடை படிந்த சூப்பைத் தள்ளிவைத்தார். "நாளை மதியம் எனக்குக் கொதிக்கக் கொதிக்க ஒரு கிண்ணம் சூப் வேண்டும். யார் பொறுப்பு?"

எதிலும் ஒத்துப்போகாத இருவரும் ஒரே குரலில், "மெலிட்டோன்தான், மகாராஜா" என்றார்கள்.

"முடியாவிட்டால் உத்தியோகத்தை விட்டுப் போகட்டும்" என்று சேர்த்துக்கொண்டார் எலாடியோ.

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. யார் போனாலும் ஒன்றுதான் என்கிற அளவுக்கு அவருக்குச் சலித்திருந்தது.

வெளியே வந்ததும் மெலிட்டோன் எலாடியோவிடம் கேட்டான்: "நாளை உலை வைத்ததும் ராஜிநாமா கொடுக்கப் போகிறீர்கள், அப்படித்தானே ஐயா?"

"கொடுத்தால் என்ன? அடுத்த வாரம் நான் திரும்பி வந்துவிடுவேன். நீர் வருவீரா?"

மெலிட்டோன் தலையில் அடித்துக்கொண்டான். கொண்டைக்கடலையும் ஆட்டெலும்பும் பதமாக வேக அரை நாள் வேண்டும். அரை நாள் தாங்குகிற மந்திரிசபையை எந்தச் சந்தையில் போய் வாங்குவது?

மறுநாள் விடிந்ததும் ராஜாவை எழுப்பிச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்தான்.

"சூப் ஆகிவிட்டதா?"

"இப்போதுதான் அடுப்பு மூட்டுகிறார்கள், மகாராஜா. கரண்டியைக் கையில் பிடியுங்கள். கீழே வைத்தால் உங்களுக்குச் சூப்பும் இல்லை, எனக்குச் சோறும் இல்லை."

சற்றைக்கெல்லாம் எலாடியோ ராஜிநாமாக் கடிதத்தோடு வந்தார். பின்னாலேயே புதுச் சமையல்காரர்களைத் திரட்டிக்கொண்டு ஃபெர்மின். எலாடியோ வாயைத் திறந்தார்.

"உஷ். ராஜா சாப்பிடுகிறார்" என்றான் மெலிட்டோன்.

அந்த அரண்மனையில், ராஜா கரண்டியை எடுத்துவிட்டால், அதைக் கீழே வைக்கும்வரை யாரும் அவரிடம் எதையும் சொல்லவோ நீட்டவோ கூடாது. இரண்டு கட்சியும் கைவைக்காமல் விட்ட ஒரே சட்டம் அது.

"கிண்ணம் காலியாக அல்லவா இருக்கிறது?" என்று பல்லைக் கடித்தார் ஃபெர்மின்.

"கிண்ணத்தைப் பற்றிச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லையே ஐயா. கரண்டி கையில் இருக்கிறதா இல்லையா?"

"இது மோசடி" என்றார் எலாடியோ.

"அப்படியானால் சட்டத்தை மாற்றிவிடுங்கள். நீங்கள் இருவரும் சேர்ந்து கை தூக்கினால் போதும்."

இருவரும் ஒருவரையொருவர் முறைத்தார்கள். ஒரு கையும் எழவில்லை.

ராஜாவுக்குத் தோள் கடுத்தது. கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். எலாடியோவின் வியர்வையில் கடிதம் நனைந்தது. ராஜிநாமா ராஜா கைக்குப் போகாததால் பழைய சமையல்காரர்கள் வெளியேற வழியில்லை, புதியவர்கள் நுழைய வழியில்லை. உள்ளே எலும்பு நிம்மதியாக வெந்தது.

மதியம், ஆவி பறக்கச் சூப் வந்தது. முதல் வாயிலேயே ராஜாவுக்கு நாக்குச் சுட்டது. அந்தச் சந்தோஷத்தில் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் கரண்டியைக் கீழே வைத்தார். உடனே கடிதம் நீண்டது. அதை வாங்கிக்கொண்டு ராஜா சொன்னார்: "மெலிட்டோன், இனி நீயே பிரதம மந்திரி."

மெலிட்டோன் தடாலென்று காலில் விழுந்தான். "நான் என்ன குற்றம் செய்தேன், மகாராஜா? நிலையான உத்தியோகத்தைப் பிடுங்கிக்கொண்டு, கடலை வேகிற நேரம்கூட நிலைக்காத ஒன்றைத் தலையில் கட்டுகிறீர்களே."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விரலிலிருந்த மாணிக்க மோதிரத்தைக் கழற்றி மெலிட்டோனுக்கு அணிவித்தார். பிரதம மந்திரி பதவியை, பக்கத்தில் கையேந்தி நின்ற ஃபெர்மினுக்குத் தண்டனையாகக் கொடுத்தார்.