காதில் வேப்பங்குச்சி

மருந்துக்கடையில் பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு நர்சிங் படிக்கிற முத்துக்கனி, ஃபீஸ் கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். மேனேஜர் தங்கப்பழம் அவள் ஃபைலைத் தொடவேயில்லை.

"அம்மா ஆபரேஷனுக்கு வாங்கின கடன்ல மூணு மாசம் தவணை நின்னு, அப்புறம்தான் கட்டியிருக்கே. உன் பேரு கெட்டுப்போச்சு. உன்னை நம்பலாம்னு ஒருத்தர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. சொந்தபந்தம் கூடாது. உன்மேல இரக்கமே இல்லாத ஆளா இருக்கணும்."

மறுநாள் கடிதத்தோடு வந்தாள். வரிசையில் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று மேனேஜர் உரக்கப் படித்தார்.

"வசூலுக்குப் போனேன். வீட்டில் அவள் அம்மாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். 'கொஞ்சம் இருங்கண்ணே' என்று வெளியே போனவள், கம்மலை அடகு வைத்து வந்து மூன்று தவணையையும் கட்டினாள்."

படிக்கப் படிக்கவே அவர் குரல் இறங்கிவிட்டது. "யாரும்மா எழுதினது?"

"இரக்கமில்லாத ஆள் கேட்டீங்களே சார். உங்க பேங்க்ல வசூலுக்கு வர்றவர்தான்."

மேனேஜர் ஃபைலைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் காதைப் பார்த்தார். கம்மல் துளையில் வேப்பங்குச்சி செருகியிருந்தது.

"இது எதுக்கு?"

"துளை தூர்ந்துடக் கூடாதுல்ல சார். அம்மா போட்டுவிட்ட கம்மல். மீட்டுடுவேன்."