புல்லுக்குள்ள ஆறு காது

ஒரு ஊர்ல ஒரு ராஜா இருந்தாராம். அவருக்கு ஒரு கண்ணு லேசா மாறுகண்ணு. போட்டோப் பெட்டி புதுசா வந்த காலம் அது. அழகிரின்னு ஒரு போட்டோக்காரன், ராஜாவை உள்ளது உள்ளபடி புடிச்சுக் குடுத்துட்டான். விடுவாரா ராஜா? தூக்கிப் போடு ஜெயில்லன்னுட்டாரு.

அழகிரி பொண்டாட்டி செங்கமலம் ஓடி வந்து அழுதா.

"பெண்சிங்கத்தைக் கிட்டக்க நின்னு, மீசை மயிரை எண்ணுற மாதிரி போட்டோ புடிச்சுட்டு வா, உன் புருஷனை விட்டுடுறேன்"னாரு ராஜா. போனவ எங்க திரும்பப் போறான்னு அவருக்கு நெனப்பு.

அவ பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டுக் காட்டுக்குப் போனா. மொத நாள் போனா, மனுஷ வாசனை பட்டு சிங்கம் போயிடுச்சு. ரெண்டாம் நாள் போனா, அன்னைக்கும் போயிடுச்சு. மூணாம் நாள் ஒரு பிடி மண்ணைத் தூவி, காத்து எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தா. காத்து தன் மூஞ்சியில அடிக்கிற மாதிரி ஒரு புத்துக்குப் பின்னால உக்காந்துக்கிட்டா. அப்புறம் பாத்தா பாருங்க ஒரு வேட்டை! ஒரே ஒரு சிங்கம் வெட்டவெளியில வந்து, நல்லா பாத்துக்கோன்னு நிக்குது. மானெல்லாம் பயந்து எதிர்ப்பக்கம் பாயுது. எதிர்ப்பக்கப் புல்லுல மூணு சிங்கம் பதுங்கிக் கெடக்கு! போட்டுச்சு ஒரே அமுக்கு!

மறுநாள் விடிஞ்சதும் அதே புத்து. அதே சிங்கம் புத்துக்கிட்டயே வந்து நின்னு, திரும்பி அவளைப் பாத்துச்சு. ரெண்டே முழம், கண்ணுங்களா! மூச்சு சூடா கையில படுது. புருஷன் மூஞ்சி நெனப்புல வருது. ஆனா கை ஆடல. டக்! சிங்கத்துக்கு மான் மேலதான் கண்ணு, அது பாட்டுக்குத் திரும்பிப் போயிடுச்சு.

படத்தோட அரண்மனை வாசலுக்கு வந்தா. அங்க ராஜாவோட மச்சினன் கோதண்டம் நின்னுக்கிட்டிருந்தான். "குடும்மா, நானே காட்டுறேன்"னு வாங்கிட்டு உள்ள போய், "அத்தான், இது நான் புடிச்சது"ன்னுட்டான், பாவிப் பய!

செங்கமலம் காவக்காரனைத் தள்ளிக்கிட்டு உள்ள வந்தா. "ராஜா, அதுல எத்தனை சிங்கம்னு அவரைக் கேளுங்க."

"ஒண்ணு. உனக்குக் கண்ணு தெரியலையா?"ன்னு சிரிச்சான் கோதண்டம்.

"நாலு. பின்னால புல்லைப் பாருங்க."

ராஜா பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தாரு. புல்லு நுனியில ஒரு ஜோடிக் காது. தள்ளி இன்னொரு ஜோடி. அதுக்கும் தள்ளி இன்னொரு ஜோடி!

"அப்படியா கோதண்டம்? அப்ப இன்னொரு படம் புடிச்சுட்டு வா."

போனான். எதுக்க ஒரு சிங்கம் நின்னுச்சு. பெட்டியைப் போட்டுட்டு எதிர்ப்பக்கம் ஓடுனான். எதிர்ப்பக்கம் யாரு இருக்கா? சொல்லுங்க, சத்தமா! ஆங்! மூணும் எந்திரிச்சதும், பக்கத்துல இருந்த முள்ளு மரத்துல ஏறிட்டான். மூணு நாள் அங்கயே உக்காந்து, "நான் புடிக்கல, அந்தப் பொம்பளைதான் புடிச்சா!"ன்னு காடே கேக்கக் கத்துனான். ராஜா ஆளுங்க தப்பு மேளம் அடிச்சு, சிங்கத்தை வெரட்டிட்டுத்தான் எறக்குனாங்க.

ராஜா அழகிரியை விட்டுட்டாரு. அப்புறம் மெதுவா, "செங்கமலம், என்னை ஒரு படம் புடி"ன்னாரு.

"உள்ளபடிதான் விழும், ராஜா."

ராஜா மாறுகண்ணைத் தடவிக்கிட்டாரு. "சிங்கமே நின்னுச்சு, எனக்கென்ன?"ன்னு நிமிந்து நின்னாரு.

டக்! படமும் விழுந்துச்சு, பெட்டியும் மூடியாச்சு. அடுத்தவ பாடுபட்டதை என்னுதுன்னு சொன்னா, முள்ளு மரத்துலதான் உக்காரணும், தெரிஞ்சுதா?