நீலக் கொம்பு எருமை

"நாளைக்கு கிரேன் வருது தாயே. ஊருக்குக் கொடுத்த எருமையைத் திருப்பி எடுத்துக்கப் போறேன்" என்றார் சிற்றம்பல ஸ்தபதி.

மடத்துத் தலைவி அருள்நங்கை முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். ஸ்தபதிக்கு மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் மனம் கலங்கினால் ஸ்தபதி வந்து நிற்கும் இடம் அதுதான்.

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்கிற அளவுக்கு என்ன ஆச்சு?"

ஆனது இதுதான். வாழ்நாளெல்லாம் கோயில்களுக்குச் சாமி சிலை செய்தவர் ஸ்தபதி. கை நடுங்கத் தொடங்கியதும், கடைசியாக ஒன்றைத் தன் ஆசைக்குச் செய்ய நினைத்தார். கருங்கல்லில் ஓர் எருமை, படுத்து அசைபோடும் எருமை. கொம்பு இரண்டையும் மழமழவென்று தேய்த்தெடுக்கவே ஒரு மழைக்காலம் போனது. அதைச் செங்கரை நகரத்துக்கு இனாமாகக் கொடுத்தார்.

இனாமாக வந்ததை வாங்கிக்கொள்ளவும் நகராட்சிக்குக் கசந்தது. எமன் வாகனத்தைக் கொண்டுவந்து வைத்தால் ஊர் விளங்குமா என்றார் ஓர் உறுப்பினர். தலைவர் சிலை என்றால் நாலு ஓட்டாவது விழும் என்றார் இன்னொருவர். கடைசியில் மாலை போட்டு, கைதட்டி, பால் சங்கத்துக்குப் பக்கத்து முக்கில் இறக்கிவைத்தார்கள். அதோடு மறந்தும்போனார்கள்.

போகிற வருகிற யாரும் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஸ்தபதிதான் வாரந்தோறும் ஈரத்துணியோடு போய்த் துடைத்துவிட்டு வந்தார்.

"நேத்து மாட்டுப் பொங்கல். போய்ப் பாக்கறேன், கொம்பு ரெண்டுலயும் நீல பெயின்ட். நெத்தியில மஞ்சள், குங்குமம். கழுத்துல நெட்டி மாலை."

யார் பூசியது என்று கேட்டார் அருள்நங்கை.

"சங்கத்துக்குப் பால் ஊத்த வர்ற பொன்னுத்தாயி. ஏம்மா இப்படிப் பண்ணினேன்னு கேட்டா, துளி பயம் இல்லாம சொல்றா. தெருவுல எல்லா மாட்டுக்கும் பூசினோம், இத மட்டும் எப்படிங்க ஐயா விடறதுன்னு."

அருள்நங்கை உரிப்பதை நிறுத்தவில்லை.

"மலையடிவாரத்து முருகன் நீங்க செஞ்சதுதானே?"

"ஆமா. நல்ல வேலை."

"எண்ணெய் ஊத்தி ஊத்தி முகமே தெரியலை. போய்த் தேய்ச்சு விடலாமே."

ஸ்தபதி பதறிப்போனார். கண் திறந்து, கும்பாபிஷேகமும் ஆகிவிட்டால், செய்தவன் கை சிலைமேல் படக் கூடாது. அது தங்கள் தொழிலில் தலைமுறை தலைமுறையாக வரும் கட்டுப்பாடு என்றார். கருவறைப் பக்கமே போக முடியாது. வெளியே கூட்டத்தோடு கூட்டமாக நின்று கும்பிட்டுவிட்டு வர வேண்டியதுதான்.

"முதல் தடவை கஷ்டமா இருந்துச்சா?"

"அழுதேன் தாயே. அப்பாதான் கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்தார்."

"எருமைக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாதோ?"

அவ்வளவு வருத்தத்திலும் ஸ்தபதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எருமைக்கு யாரு தாயே கும்பாபிஷேகம் பண்ணுவா?"

அருள்நங்கை முறத்தைக் கீழே வைத்தார்.

"அப்ப, நேத்து பொன்னுத்தாயி பண்ணினது என்ன?"

ஸ்தபதி தன் கைகளைப் பார்த்தார்.

பிறகு, "இனிமே நான் அதைத் தொடக் கூடாது, இல்லையா தாயே?" என்று கேட்டார்.

"தள்ளி நின்னு பாக்கலாம்" என்றார் அருள்நங்கை.