அருவியோரம் குழல் பழகிய முள்ளம்பன்றி

ஒரு மலையடிக் காட்டில் சிலும்பி என்றொரு முள்ளம்பன்றி இருந்தாள். ஒரு பெரிய நாவல் மரத்தின் வேருக்கடியில் அவளுடைய வளை. அதே மரத்தின் உச்சிக் கிளையில் தவ்வாயி என்ற மலையணில் கூடு கட்டியிருந்தாள். ஒருத்தி கீழே, ஒருத்தி மேலே. பழம் விழுந்தால் சிலும்பிக்கு, கிழங்கு கிடைத்தால் தவ்வாயிக்கு என்று அத்தனை ஒட்டு.

அந்தக் காட்டில் பொழுது சாய்ந்தால் போதும், அவரவர் வேலையை முடித்துவிட்டு ஆளுக்கொரு வாத்தியத்தோடு உட்கார்ந்துவிடுவார்கள். பிழைப்புக்கு இல்லை, எல்லாம் ஆசைக்குத்தான். கரடி மொத்தையன் மத்தளம் தட்டுவார். குரங்கு கோணாண்டி நாதஸ்வரம் ஊதுவான். உடும்பு சொரட்டையன் கடம் வாசிப்பான். "உனக்குக் கஞ்சிரா எடுப்பா இருக்குமேடா!" என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் அவன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். கஞ்சிராவுக்கு உடும்புத் தோலைத்தான் போர்த்துவார்கள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன!

அங்கே ஒரு வழக்கமும் உண்டு. பிறந்த குட்டி கண் திறக்கும் நாளில், தாய்க்கு மனசுக்கு நெருக்கமான ஒருவர் கூட்டுக்கடியில் நின்று ஒரு பாட்டு வாசிக்க வேண்டும். அதற்குக் கண் திறப்பு வாசிப்பு என்று பெயர்.

போன வருஷம் ஆடிக் காற்றில் தவ்வாயியின் கூடு சரிந்து விழுந்தது. உள்ளே இருந்த குட்டிகள் கண் திறக்காமலே போய்விட்டன. அந்த மரத்தடியில் வாசிப்பு நடக்கவில்லை.

இந்த வருஷம் அவளுக்கு ஒரே ஒரு குட்டி பிறந்தது. சுண்டைக்காய் மாதிரி மூக்கு. மூடிய கண்.

"சிலும்பி! இந்தத் தடவை நீதான்டி வாசிக்கணும்" என்றாள் தவ்வாயி, கிளையிலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டே.

"நானா! இப்பத்தான் மூங்கிலை வெட்டி, என் முள்ளாலேயே ஓட்டை போட்டுக் குழலே பண்ணியிருக்கேன். இன்னும் பச்சை வாசம்கூடப் போகல!"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. போன வருஷம் நான் அழுதப்போ இந்த மரத்தடியை விட்டு நகராம உட்கார்ந்திருந்தது யாரு? நீதானே? வேற யாரு வாசிச்சாலும் என் மனசு ஒப்பாது."

இதற்கு மேல் சிலும்பி எப்படி மாட்டேன் என்பாள்? "சரிடி" என்றாள்.

சொல்லியாகிவிட்டது. இனி பழக வேண்டுமே! அன்று சாயங்காலமே வளை வாசலில் உட்கார்ந்து குழலை வாயில் வைத்தாள்.

புஸ்ஸ்ஸ்!

"யாருக்குப்பா இப்படி மூச்சு வாங்குது? வைத்தியரைக் கூட்டிட்டு வரவா?" என்று பக்கத்து மரத்திலிருந்து கேட்டான் கோணாண்டி.

சுற்றி இருந்தவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். சிலும்பிக்கு மானமே போய்விட்டது. முள்ளெல்லாம் சிலிர்த்து நிற்க, குழலைத் தூக்கிக்கொண்டு வளைக்குள் போனவள்தான். 'இனிமேல் ஒரு ஜீவன் காதில் விழாத இடத்தில்தான் பழகுவேன்' என்று முடிவு கட்டினாள்.

அப்படிப்பட்ட இடம் காட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அருவியடி!

அங்கே தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் யானை பிளிறினாலும் கேட்காது. சிலும்பி தினமும் சாயங்காலம் நழுவி அங்கே போனாள். ஈரப் பாறையில் உட்கார்ந்து, கன்னம் உப்ப ஊதினாள். அவள் மனசுக்குள் ஒரு பாட்டு ஓடியது. விரல்கள் ஓட்டைகள் மேல் ஓடின. இரண்டும் ஒன்றுதான் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆகா, என்ன இனிமை! கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. சாரல் பட்டுக்கூட வந்திருக்கலாம்.

"எப்படிடி போகுது பழக்கம்?" என்று கேட்பாள் தவ்வாயி.

"பிரமாதமா வருது! நீ கேட்டா அசந்துடுவே!"

பொய்யில்லை. மனசாரத்தான் சொன்னாள்.

குட்டியின் இமை ஓரம் லேசாகப் பிசுபிசுக்கத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நாளில் கண் திறந்துவிடும் என்றார்கள். சிலும்பி அருவியடியில் உட்கார்ந்து இன்னும் மும்முரமாக ஊதினாள்.

அந்த நேரம் பார்த்து மேலே ஓடையில் ஒரு பட்ட மரம் சாய்ந்தது. அதில் சருகும் கிளையும் வந்து அடைந்தன. தண்ணீர் மேலேயே தேங்கிவிட்டது. கொட்டிக்கொண்டிருந்த அருவி நூலாக மெலிந்து, சொட்டுச் சொட்டாகி, சட்டென்று நின்றுவிட்டது.

"கீஈஈ... ப்பூ... க்ரீச்ச்!"

சிலும்பி திடுக்கிட்டுக் குழலை வாயிலிருந்து எடுத்தாள். 'ஐயோ பாவம், யாரோ அழுகிறார்களே!' என்று நாலு பக்கமும் பார்த்தாள். சத்தம் இல்லை. சரி என்று மறுபடி ஊதினாள்.

"கீஈஈ... க்ரீச்ச்!"

மறுபடி எடுத்தாள். சத்தமும் நின்றது. அவள் கையில் இருந்த குழலையே உற்றுப் பார்த்தாள்.

அதற்குள் புதரை விலக்கிக்கொண்டு கரடி மொத்தையன் ஓடி வந்தார். வாயெல்லாம் தேன். அவர் பின்னால் சொரட்டையன். மரத்துக்கு மரம் தாவிக் கோணாண்டி.

"பயப்படாதேம்மா! நாங்க வந்துட்டோம்! எங்கே அடிபட்டுச்சு? கால்லயா?" என்று இரைத்தார் கரடி.

"அடி ஒண்ணும் படல மாமா."

"பின்னே எதுக்கும்மா அப்படிக் கத்தினே?"

"நான் கத்தல மாமா..." சிலும்பியின் குரல் உள்ளே போய்விட்டது. "வாசிச்சேன்."

கரடி வாயில் இருந்த தேனை விழுங்கினார். சொரட்டையன் தரையைப் பார்த்தான். கோணாண்டி மட்டும் கிளையில் புரண்டு புரண்டு சிரித்தான்.

"இதுவா! கண் திறப்பு வாசிப்புக்கு இதையா பழகினே? அந்தக் குட்டி திறந்த கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, இனிமே திறக்கவே மாட்டேன்னு சொல்லிடும்! கவலைப்படாதே தாயே, அன்னைக்கு நானே வந்து நாதஸ்வரம் ஊதிடறேன்!"

சிலும்பி குழலைப் பாறைமேல் போட்டுவிட்டு ஓடினாள். வளைக்குள் நுழைந்து, முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தாள். தவ்வாயிக்கு என்ன பதில் சொல்வது? ஒரு தடவை கூடு விழுந்து நொந்தவள் ஆசையாகக் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் கெடுத்தாயிற்றே!

வளை வாசலில் யாரோ பரபரவென்று இறங்கி வரும் சத்தம் கேட்டது.

மலையணில்கள் லேசில் தரையில் கால் வைக்காது. அதுவும் கூட்டில் குட்டியை வைத்துக்கொண்டு! ஆனால் தவ்வாயி வந்திருந்தாள். நடந்ததைச் சொல்லி மொத்தையன் தந்துவிட்டுப் போன குழலை வாயில் கவ்வியிருந்தாள்.

"கீழே எதுக்குடி வந்தே? நரி பார்த்தா என்ன ஆகும்?" என்று பதறினாள் சிலும்பி.

"அதான் சீக்கிரமா பேசிட்டுப் போறேன். பிரமாதமா வருதுன்னு சொன்னியே, பொய்யா?"

"சத்தியமா பொய் இல்லடி! அருவிச் சத்தத்துல எனக்கே கேட்கல!"

தவ்வாயி அவளையும் குழலையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. வாலால் வாயைப் பொத்திப் பார்த்தாள், முடியவில்லை.

"யாரும் கேட்கக் கூடாதுன்னு போய், உன் காதையும் சேர்த்துல்ல மூடிக்கிட்டே! அசடு!"

"சிரிக்காதேடி. எனக்கு அழுகையா வருது" என்றாள் சிலும்பி. சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"கோணாண்டியையே ஊதச் சொல்லிடுடி. அவன் நல்லா வாசிப்பான்."

"அவன் நல்லா வாசிப்பான், எனக்கும் தெரியும். எனக்கு நீ வேணும். நாளையிலேர்ந்து இந்த மரத்தடியிலேயே பழகு. கேட்கறவங்க கேட்கட்டும், சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்!" என்று சொல்லிவிட்டுத் தவ்வாயி சரசரவென்று மரமேறிவிட்டாள்.

மறுநாள் ஓடையில் சேர்ந்த அடைசல் பிய்த்துக்கொண்டு போனது. அருவி பழையபடி கொட்டத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் சிலும்பியின் கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் திரும்பின. அங்கே போனால் எவ்வளவு நிம்மதி! ஒரு கேலி இல்லை, ஒரு சிரிப்பு இல்லை. நேற்றைய 'க்ரீச்'கூடக் காதில் விழாது.

அவள் பாதி வழி போய்விட்டாள். அப்புறம் நின்றாள். பெருமூச்சு விட்டாள். திரும்பி வந்து நாவல் மரத்தடியில் உட்கார்ந்து குழலை எடுத்தாள்.

"க்ரீச்ச்!"

தொப்! எங்கிருந்தோ ஒரு அத்திக்காய் வந்து அவள் முன்னால் விழுந்தது.

"தப்பு!" என்று கத்தினான் கோணாண்டி.

மறுபடி ஊதினாள். தொப்! மறுபடி தப்பு. சிலும்பியின் முள் சிலிர்த்தது. ஆனாலும் இந்தத் தடவை அவள் எழுந்து ஓடவில்லை. காய் விழுந்த நேரத்தில் விரல் எங்கே இருந்தது என்று குனிந்து பார்த்தாள். ஓரத்து ஓட்டை பாதிதான் மூடியிருந்தது! நன்றாக அழுத்தி மூடி ஊதினாள். காய் விழவில்லை.

'அட! இது நல்லா இருக்கே!'

அன்றிலிருந்து கோணாண்டி கேலிக்கென்று எறிந்த காயெல்லாம் அவளுக்குப் பாடமாகிவிட்டது. காய் விழுந்தால் நிற்பாள், திருத்துவாள், மேலே போவாள். பயிற்சி முடிந்ததும் காய்களைப் பொறுக்கித் தின்றுவிடுவாள்.

"என்னைத் திட்டவும் மாட்டேங்குறா, நிறுத்தவும் மாட்டேங்குறா!" என்று நொந்துகொண்டான் கோணாண்டி. கடைசியில் அவனுக்கே பொறுக்கவில்லை. "அடக் கடவுளே! கன்னத்தை இப்படி உப்பாதே தாயே! உதட்டைக் குறுக்கு! சூடான கூழை ஊதுற மாதிரி மெதுவா ஊது!" என்று கிளையை விட்டு இறங்கி வந்தே சொல்லிவிட்டான்.

மொத்தையன் மத்தளத்தை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் தாளம் அடிக்கடி நழுவும். "நீ தப்பினா நான் பிடிக்கறேன். நான் தப்பினா நீ பிடி. ரெண்டு பேரும் தப்பினா ஊருக்குத் தெரியவா போகுது?" என்று கண்ணடித்தார். சொரட்டையன் மட்டும், "மத்தியானம் வேண்டாம்க்கா, அப்பத்தான் வெயில்ல படுத்துக் கண் அசருவேன்" என்று கேட்டுக்கொண்டான். நியாயமான பேச்சு. மத்தியானத்தை விட்டுவிட்டாள்.

மேலே கூட்டுக்குள் கண் மூடிய குட்டி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே பால் குடித்தது, கேட்டுக்கொண்டே தூங்கியது.

நாவல் இலை மேல் பனி மினுங்கிய ஒரு காலையில் தவ்வாயி மேலிருந்து கூவினாள். "சிலும்பி! இமை பிரியுதுடி!"

எல்லோரும் மரத்தடியில் கூடிவிட்டார்கள். தவ்வாயி குட்டியை வாயில் கவ்வித் தாழ்ந்த கிளைக்கு இறங்கி வந்து, மடியில் வைத்துக்கொண்டாள். போன வருஷம் கூடு இருந்த கிளையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். இந்த நாளைப் பார்க்காமலே போன குட்டிகளை அவள் நினைத்திருக்க வேண்டும். சிலும்பிக்கு அது புரிந்தது. அவள் குழலை உதட்டில் வைத்து, சூடான கூழை ஊதுகிற மாதிரி மெதுவாக ஊதினாள்.

சின்னப் பாட்டுதான். ஏறி, இறங்கி, மறுபடி ஏறுகிற பாட்டு. நடுவில் மூச்சு பிசகிக் குழல் ஒரு முறை கீச்சிட்டது. எல்லோரும் கோணாண்டியைப் பார்த்தார்கள். அவன் கையில் ஒரு அத்திக்காய் இருந்தது. அவன் அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டு மென்றான்.

பாட்டு மேலே ஏறியது. குட்டியின் கண் திறந்தது.

கண் திறக்கிற குட்டிகள் முதலில் பயந்துபோய் வீறிடுவதுதான் வழக்கம். புது வெளிச்சம், புதுச் சத்தம், சுற்றிலும் பெரிய பெரிய முகங்கள்! அதிலும் எதிரே நிற்பதோ உடம்பெல்லாம் முள். தவ்வாயி குட்டியை அணைத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

குட்டி அழவில்லை. வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் அசைத்து, சத்தம் வரும் பக்கத்தைத் தேடியது. குழலைக் கண்டது. குழலுக்குப் பின்னால் இருந்த சிலும்பியைக் கண்டது. இத்தனை நாள் இருட்டில் கேட்டது இவளைத்தானா என்பது போல அப்படியே பார்த்தது. பிறகு அவளை நோக்கிக் குட்டிக் கையை நீட்டி, "கீச்!" என்றது.

"பார்த்தியாடி! உன்னை அடையாளம் தெரியுது அதுக்கு!" என்று தவ்வாயி அழுதுகொண்டே சிரித்தாள். "அருவியடியிலேயே உட்கார்ந்திருந்தா இதுக்கு உன்னை எப்படித் தெரியும்?"

சிலும்பி குழலை மீண்டும் உதட்டில் வைத்தாள். அவள் மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள்.

குழந்தைகளே, கேலிக்குப் பயந்து ஒளித்துப் பழகுகிற கலை நம் காதுக்கே எட்டாமல் போய்விடும். தப்பும் தவறுமாக இருந்தாலும் நாலு பேர் கேட்கப் பழகுவதுதான் நம் கைக்கும் வரும், பிறர் மனசுக்கும் போகும்.