எதிர்வீட்டுப் பேய்

ரைஸ்மில் முதலாளி தில்லைநாயகத்துக்கு வயிறு எரிந்தது. அவருடைய டிரைவர் சுடலைமுத்து எதிர்வீட்டை விலை கேட்டிருக்கிறானாம். முன்பணத்துக்கே வழியில்லாதவன் தனக்குச் சமமாகக் குடிவருவதா? அவன் பயந்து ஓடட்டும் என்று, அந்த வீட்டில் பேய் இருப்பதாக ஊரெல்லாம் கிளப்பிவிட்டார்.

வீடு பார்க்க வந்தவர்கள், பேய் இருப்பது நிஜமா என்று சுடலைமுத்துவிடம் விசாரித்தார்கள்.

"எங்க முதலாளி பொய் சொல்வாரா?" என்றான்.

வந்தவர்கள் வந்த வழியே போனார்கள்.

ஆள் கிடைக்காமல் அலுத்துப்போனார் வீட்டுச் சொந்தக்காரர் சரசு டீச்சர். "முன்பணமே வேண்டாம்ப்பா, மாசாமாசம் கொடுத்துக் கழி" என்று சாவியை அவனிடமே கொடுத்துவிட்டார்.

பால் காய்ச்சிய அன்று முதலாளி பொறுக்கமாட்டாமல் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "உனக்கு முன்பணம் யாருடா கட்டினது?"

சுடலைமுத்து பால் டம்ளரை அவர் கையில் கொடுத்தான்.

"நீங்க அனுப்பிவச்ச பேய்தாங்க கட்டுச்சு, முதலாளி."